இடக்கைப் படிகம்

வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் சார். அடையாறு ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடமாக நான் செய்யும் வேலை அவ்வளவுதான். சில படிகங்களுக்குள் எலெக்ட்ரான்களுக்கும் இடம், வலம் உண்டு. இடமாகச் சுழலும் ஒளியையும் வலமாகச் சுழலும் ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, எதற்கு எவ்வளவு அசைகின்றன, வித்தியாசம் கூட்டலா கழித்தலா என்று அளப்போம்.

வலக்கைப் படிகத்தில் எனக்குப் பெரிய கூட்டல் கிடைத்தது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காதது. கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டது. அளந்தவள் என் மாணவி தமிழ்மொழி. நொச்சிக்குப்பத்துப் பெண், கெட்டிக்காரி. அவளைக் கைதூக்கிவிட்டவன் நான்.

நான் சொல்லாமலேயே இடக்கைப் படிகம் ஒன்றையும் வளர்த்து அளந்திருக்கிறாள். கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி அது. கூட்டல் அங்கே கழித்தலாக மாறவேண்டும். மாறவில்லை.

"ரெண்டுத்துக்கும் ஒரே மாதிரி வருது சார். படிகத்துல ஒண்ணும் இல்ல, நம்ம கருவியோட கண்ணாடிலதான் கோளாறு கீது," என்றாள். பதற்றத்தில் அவளுக்குக் குப்பத்துப் பேச்சு வந்துவிடும். "கட்டுரைலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க சார். நாளைக்கு நானே பத்திரிகைக்கு இது தப்புன்னு எழுதிடறேன்."

நான் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை அளந்து பாத்துடேம்மா," என்றேன். சந்தேகம் என்றால் மறுபடி அளப்பாள். அதுவும் நான் கற்றுக்கொடுத்த பழக்கம்தான்.

படிகத்தைக் குளிரவைக்க நைட்ரஜன் வேண்டும். அது அறையில் நிரம்பினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. அதற்காகவே ஒரு அலாரமும் ஃபேனும் வைத்திருக்கிறோம். அந்த அலாரம் சும்மா சும்மா கத்தும். அன்று ராத்திரி அவள் உள்ளே தனியாக அளந்துகொண்டிருந்தபோது அதை நிறுத்தினேன். ஃபேனையும் நிறுத்தினேன். பின்னறைக்குப் போய் நைட்ரஜன் வால்வைத் திறந்துவிட்டு, காபி குடிக்கக் கிளம்பினேன். வலித்திருக்காது சார், தூக்கம் மாதிரிதான். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பா சின்னப்பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களைத்தான் சார் எப்பவும் பெருமையா சொல்லிக்கினு இருப்பா." அவராக விடும்வரை நானும் கையை எடுக்கவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நன்றி கெட்டவன் என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டுரை போன வாரம் வெளிவந்தது. அவள் பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் பெயருக்கு முன்னால், முதல் பெயராகப் போட்டிருக்கிறேன். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.