பதினேழாம் நிமிடத்துக்குப் பிறகும் கரையாத படலம்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆய்வகத்தின் மூன்றாம் மாடி இருட்டறையில் ஒரு பாலிமர் படலத்தின் ஒளிர்வு பதினேழாவது நிமிடத்தில் அணைந்தது.

அம்மையீர்! ஒளிரும் மூலக்கூறுகளை உளவறிய அனுப்பிப் பாலிமர் கரையும் காலத்தை அளந்தவரே! அளவில் பிழை கண்டபோது அதை முதலில் தம் பிழையென்றே அறிவித்தவரே! இருபத்தொன்பது ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்கள் முன், உடன் பணியாற்றிய எழுவர் தலைகவிழ்ந்து படிக்கும் மடல் இது.

மாத்திரை மேலுறைக்கான பாலிமரில் ஒளிரும் மூலக்கூறுகளைக் கலந்து கண்ணாடித் தட்டில் பூசுவோம். நீர் பட்டு அவற்றின் ஒளி அணைந்ததும், படலம் கரைந்தது என்று எழுதுவோம். அளவெடுக்கத் தாங்கள் விளக்குகளை நிறுத்தும்போதெல்லாம், "மேடம் வந்தாச்சு, கரண்ட் போயாச்சு" என்று நடைவழியில் கேலி பேசினோம். "மிச்சமாகிற கரண்டுக்கு ஆளுக்கொரு டீ வாங்கிக் குடிங்க, போங்க" என்று இருட்டுக்குள்ளிருந்தே விரட்டுவீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தட்டு கழுவும் பணியாளர் விடுப்பு. தாங்களே கழுவப் போனீர்கள். ஒளி அணைந்துபோன தட்டு விரலில் வழுக்கியது.

"தொட்டுப் பாருங்க. இன்னும் வழவழன்னு ஒட்டிக்கிட்டுதானே இருக்கு?"

"கருவி பொய் சொல்லாது மேடம்," என்றார் எங்களில் மூத்தவர்.

"அது பொய் சொல்லலையே! தண்ணி உள்ளே போயிடுச்சுன்னுதான் சொல்லுது. கரைஞ்சிடுச்சுன்னு நாமளா எழுதிக்கிட்டோம்."

மறுநாள் அதே பாலிமரில் புதுப் படலம் பூசி, நீரிலிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் எடைபோட்டுப் பார்த்தீர்கள். முழுதும் கரைய நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. விழுங்கிய மருந்து உரிய நேரத்தில் வேலை செய்யாத நோயாளிகளை நினைத்து, ஒளியை மட்டும் நம்பி நாம் எழுதிய ஆறாண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெறக் கோரினீர்கள். எல்லாவற்றிலும் முதல் கையொப்பம் தங்களுடையது.

அடுத்த கையொப்பங்கள் எங்களுடையவை. பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த மாதம் அது. விரலுக்குத் தோன்றுவது ஆய்வாகாது என்று தங்களுக்கு எதிராக எழுவரும் கடிதம் கொடுத்தோம். துறைத்தலைவர் பதவி தங்களுக்குக் கிடைக்கவில்லை. தங்கள் மேசை கீழ்த்தளத்து வேதிப்பொருள் கிடங்குக்கு இறங்கியது. மூன்றாண்டுக்குப் பின் வேறோர் ஆய்வகம் தங்கள் அளவே சரியென்றது. அறிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. எங்கள் கடிதம் மட்டும் தங்கள் பணிக்கோப்பிலேயே இருந்தது. அதை எடுக்கும்படி எவரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களாகவும் எடுக்கவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டாச்சா?" என்று தாங்கள்தான் முதலில் கேட்பீர்கள். முகம் பார்த்துப் பதில் சொன்னவர் எங்களில் ஒருவருமில்லை.

சென்ற வாரம் இம்மடலுக்கு இசைவு கேட்டுக் கிடங்குக்கு வந்தோம்.

"புகழ்ந்தெல்லாம் எழுதாதீங்கப்பா. அந்த லெட்டரை எடுத்துடுங்க, அது போதும்."

ஆகையால் தங்கள் நேர்மையையும் பொறுமையையும் அடுக்கிப் புகழாமல் நிறுத்திக்கொள்கிறோம். உடல் நோயின்றி, எங்களால் வந்த மனச்சுமையும் இன்றி, தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

கடிதத்தைத் திரும்பப் பெறும் மனுவில் ஏழாவது கையொப்பம் நேற்றிரவுதான் விழுந்தது. இன்று காலை பத்து மணிக்கு அதை நிர்வாகத்திடம் அளித்தோம். ஓய்வை முன்னிட்டுத் தங்கள் பணிக்கோப்பு நேற்று மாலை ஐந்து மணிக்கே மூடப்பட்டுவிட்டது, இனி அதிலிருந்து எதையும் நீக்க இயலாது என்று பதினொன்றரை மணிக்குப் பதில் வந்தது.

இவண்,
மூன்றாம் மாடி ஊழியர்கள் எழுவர்