ஐந்தாம் வருட வாரண்டி

ஐயா, உங்கள் காரின் வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று தெரியுமா? பலருக்குத் தெரியாது. கார் சர்வீஸ் நிலையத்தில் முதலில் மெக்கானிக்காகவும், பிறகு வாரண்டி மேஜையிலுமாகப் பதினாறு வருடம் இருந்தவன் சொல்கிறேன், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நீட்டித்துக்கொள்ளுங்கள். முடிந்த மறுநாள் வந்து காலில் விழுந்தாலும் நடக்காது.

விதிகள் எளிது. தயாரிப்பில் வந்த குறையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஓடித் தேய்வது நம் தலையில். வெளி ஆள் கைவைத்திருந்தால் எல்லாமே நம் தலையில். என் தங்கை போனது அந்தக் கடைசி விதியால்தான்.

அவள் காரில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. வாரண்டி இன்னும் எட்டு மாதம் இருந்தது. கம்பெனி ஆய்வாளர் குனிந்து பார்த்தார். நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்போம்.

"இதை வெளியில யாரோ கழட்டி மாட்டியிருக்காங்கம்மா. வாரண்டி கிடைக்காது. ஆனா ஓட்டாதீங்க, இங்கயே விட்டுட்டுப் போங்க."

"சார், என் தங்கச்சி வண்டி," என்றேன்.

"யார் வண்டியா இருந்தா என்னப்பா?"

"ஆபீசுக்கு நேரமாச்சுண்ணே, சாயங்காலம் கொண்டு வந்து விடறேன்," என்று அவள் எடுத்துக்கொண்டு போனாள். பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது.

அடுத்த வருடம் கண்ணாடிக்காரர் ஓய்வு பெற்று, எங்கள் கம்பெனி காரையே வாங்கினார். அவர் சிரித்த முகத்தோடு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வருட வாரண்டி முடியும் முன் நானே போன் செய்தேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுக்கோங்க சார். சர்வீஸ் மட்டும் வெளியில விடக்கூடாது."

"எனக்கே ரூல் சொல்றியா?" என்று சிரித்தார்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் காரில் வேறு கை படக் கூடாது. எந்தக் காரிலும் ஒரு நாள் ஏதாவது பழுதாகும். நான் காத்திருந்தேன்.

ஐந்தாம் வருடம் அவர் மனைவி தனியாக வந்தார். "அவருக்குக் கண்ணு சரியில்லப்பா, இப்ப நான்தான் ஓட்டறேன். பிரேக் என்னவோ மெத்துனு போகுது."

நானே பார்த்தேன். பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. வாரண்டியில் முழுதாகக் கிடைக்கும் பாகம், ஸ்டோரிலேயே இருந்தது. சர்வீஸ் அட்டையில் 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு நாள் ஓட்டினா சரியாயிடும்மா."

"நீ சொன்னா சரிதாம்பா," என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

காரில் அந்த அம்மாவோடு கண்ணாடிக்காரர் இருக்கமாட்டார் என்று தெரியும். போகிறவருக்கு வலி ஒரு நிமிடம். வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குத்தான் ஆயுசு முழுக்க. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இப்போது தெரிந்திருக்கும்.

தங்கையின் காரில் பிரேக்கைக் கழற்றி மாட்டியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில். சத்தம் வருகிறது என்றாள், சரிசெய்து கொடுத்தேன். அதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள்? பதினாறு வருட அனுபவம் ஐயா, நான் மாட்டியதில் குறை வராது.