தங்கச்சாமி தலையைச் சுத்தம் செய்தவன்

பெருக்கித் துடைத்த வீட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு நிறையாது? என் வீடு தங்கச்சாமியின் மண்டை. அவர் தாய் வயிற்றில் விரல் முளைக்காத கருவாக இருந்தபோதே குடியேறிவிட்டேன். வாடகை கேட்டவர் இல்லை, காலி செய்யச் சொன்னவரும் இல்லை. டாக்டரம்மா, உங்கள் புத்தகத்தில் என் பெயர் மைக்ரோகிளியா. மூளைக்குள்ளேயே தங்கி வேலை பார்க்கும் காவல்காரச் செல். என்னைப் போல இங்கே இன்னும் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை, என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

இவர் மூளையை ஸ்கேன் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீர்கள். உங்கள் முன்னால் நின்றிருந்த சுப்புத்தாய், தங்கச்சாமியின் மனைவி, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “வேற எது போனாலும் போகட்டும்மா. என்னைய மட்டும் அவுக மறக்காம இருக்க ஏதும் மாத்திரை இருக்கா?” நீங்கள் மறுபடியும் படத்தைப் பார்த்தீர்கள். படத்தில் என்ன இருக்கிறது, என்னைக் கேளுங்கள்.

ரத்தத்தில் ஓடும் சில வெள்ளையணுக்கள் படித்தவை. கிருமியின் முகத்தை மனசில் வைத்திருந்து, ஆள் அடையாளம் பார்த்து அடிக்கும். நான் பிறவிக் காவல். நம்ம ஆளா, இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி. இல்லை என்று பட்டால் விழுங்கிவிடுவேன். யோசிப்பது மூளையின் வேலை, அதைக் காக்கிறவனுக்கு அது எதற்கு? சின்ன வயதில் இவர் தலைக்குள் நரம்போடு நரம்பைச் சேர்க்கும் கண்ணிகள் சீமைக்கருவேல் மாதிரி மண்டிக் கிடந்தன. வேண்டாததையெல்லாம் தின்று கழித்தவன் நான்தான். அதனால்தான் இவருக்குப் புத்தியே வந்தது. நன்றி சொன்னவர் கிடையாது, போகட்டும்.

தங்கச்சாமி சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தரையில் ஒரு சிட்டிகை வெடிமருந்து சிந்தினாலும் அவருக்கு உயிரே போய்விடும். “ஏலே முனியராஜ், கூட்டி அள்ளுலே. சிந்துன மருந்து சிரிச்சிக்கிட்டே கொல்லும்” என்பார். அள்ளிய கழிவைச் சாயங்காலம் தூரத்துப் பொட்டலில் கொண்டுபோய் எரிப்பார்கள். ஒருநாள் முனியராஜ் சோம்பல்பட்டு, அறைக்குப் பக்கத்திலேயே கொளுத்திவிட்டான். காற்று திரும்பியது. நல்லவேளை, அறையில் ஆளும் இல்லை, சரக்கும் இல்லை. கதவு மட்டும் எரிந்தது. “குப்பைய எரிக்கச் சொன்னா கம்பெனியவே எரிப்பியாலே?” என்று தங்கச்சாமி குதித்த குதியில் எனக்கே கிறுகிறுத்தது. இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

சுப்புத்தாய் அதே கம்பெனியில் திரி செருகியவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளை மயக்குவதற்கென்றே தங்கச்சாமி ஒரு பச்சைப் புஸ்வாணம் செய்து, சரக்கைக் கொளுத்திச் சோதிக்கும் மைதானத்தில் வைத்துக் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இது பச்சையாக்கும்? எருமைச் சாணி கணக்கா இருக்கு” என்றாள். மனுஷர் அன்றைக்கு விழுந்தவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் காப்பி கொடுக்க மாட்டார். சொல்லும்போதெல்லாம் தலைக்குள் அந்த இடம் பளபளவென்று மின்னும். எனக்கும் அது பிடித்த இடம். அதன் ஓரத்திலேயே படுத்துக் கிடப்பேன்.

அங்கேதான் ஒருநாள் பிசுபிசுவென்று ஒரு கட்டியைப் பார்த்தேன். அமிலாய்டு என்று ஒரு புரதம். துணியில் காய்ந்த வடாம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை காலமாக வெறும் ரோந்து! கடைசியில் ஒரு திருடன் சிக்கினான். விழுங்கினேன், செரிக்கவில்லை. மறுபடியும் விழுங்கினேன். கூப்பாடு போட்டேன். கூட்டாளிகள் ஓடி வந்து அவர்களும் கூப்பாடு போட்டார்கள். எங்கள் கூப்பாடு ரசாயனம். நீங்கள் அதை அழற்சி என்பீர்கள், எங்களுக்கு அது சீசன். தீபாவளிக்கு முந்தின மாதம் சிவகாசியில் எவனாவது சும்மா உட்கார்ந்திருப்பானா?

அந்தக் களேபரத்தில் எது குப்பை, எது நல்ல கண்ணி என்று கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் முறை தவறவில்லை. ‘இதைத் தின்னலாம்’ என்று முத்திரை விழுந்த கண்ணிகளை மட்டுமே தின்றேன். முத்திரை எங்கள் தயாரிப்புதான், அது வேறு விஷயம்.

முதலில் சில்லறைச் சாமான்கள்: வண்டிச் சாவி வைத்த இடம், ஆலங்குளம் பஸ் நிற்கும் இடம், முனியராஜின் பெயர். பிறகு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் சுவரைத் தடவ ஆரம்பித்தார். கம்பெனியில் உடம்பில் ஏறிய மின்சாரம் பொறி கிளப்பாமல் இறங்குவதற்காக ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதைத்தான் தேடினார். சுப்புத்தாய் முதலில் சிரித்தாள். அப்புறம் ஒரு தகடு வாங்கி வந்து அந்த இடத்தில் ஆணியடித்து வைத்தாள். நல்ல மனுஷி. அவள் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் புஸ்வாணக் கதையை எடுத்தார். “நான் கொளுத்துனேன். அந்தப் பிள்ளை வந்து...” என்று நின்றுவிட்டார். “எருமைச் சாணி கணக்கா இருக்குன்னேன்” என்று சுப்புத்தாய் எடுத்துக்கொடுத்தாள். “அடி ஆத்தி, அப்படியா சொன்னா?” என்று கைதட்டிச் சிரித்தார். வீடே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் வேலையாக இருந்தேன்.

அந்த இடத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த கண்ணியை இன்று காலையில் முடித்தேன், மதுரைக்கு வருகிற பஸ்ஸிலேயே. அதில் கட்டி ஏதும் இல்லை. நோய் இல்லை. நல்ல உயிரோடு, நுனியில் லேசாக மின்னிக்கொண்டுதான் இருந்தது. தெரிந்துதான் தின்றேன்.

படத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் அவளைக் காட்டி, “இவங்க யாருன்னு தெரியுதாய்யா?” என்று கேட்டீர்கள். தங்கச்சாமி முகம் மலர்ந்து பார்த்தார். “யாரு வீட்டு அம்மான்னு தெரியலையே. ஏன் நிக்கீக, உக்காருங்க தாயி. சாப்பிட்டீகளா?” என்றார்.

சுப்புத்தாய் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டேங்க. என் பேரு சுப்புத்தாய்” என்றாள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். உடனே உள்ளே புதிதாக ஓர் இழை நடுங்கி நடுங்கிக் கண்ணி கட்டப் பார்த்தது. முன்பின் தெரியாத இழை. விடுவேனா? இனிமேல் கவலையில்லை டாக்டரம்மா, இவ்வளவு பத்திரமாக இவர் என்றைக்குமே இருந்ததில்லை.