நன்றிச் சொற்களின் பட்டியல்

என் மகள் நிவேதிதாவின் ஆறாவது பிறந்தநாளுக்குப் பேசும் கிளி பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்தும் கிளி பேசவில்லை. முதலில் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்க வேண்டும், பிறகு நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, ஒத்துக்க மாட்டேன்னு சொல்ற பட்டன் எங்கப்பா இருக்கு?"

அப்படி ஒன்று கிடையாது என்றேன்.

"அப்போ எதுக்குக் கேக்கறாங்க?"

மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கிளியும் பேசியது.

ஐயா, விசாரணைக்காக நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் இதில் தொடங்குகிறேன். என் பெயர் உத்தமன். வீடு மண்ணூர்பேட்டை. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட் நட்டு செய்கிற ஒரு பட்டறைக்கு மேலே மூன்றாம் மாடியில். வீட்டில் வைத்துக்கொள்ளும் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் அது. பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. அங்கே வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.

எங்கள் செயலியில் 'மித்ரா' என்று ஒரு உதவியாளர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரம். அந்த நுண்ணறிவு நாங்கள் பதினொரு பேர். மதியம் ஒரு மணிக்கு மித்ரா பதில் சொல்லத் தாமதித்தால், டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் ஒன்பது வருடம் இருந்தவனுக்குச் சில அபிப்பிராயங்கள் சேர்ந்துவிடுகின்றன. அப்டேட் என்பது, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு இனிமேல் நன்றாக ஓடும் என்று சொல்வது. சந்தாவில் சேர ஒரு பட்டன் போதும். விலக வேண்டுமானால் ஏன் விலகுகிறீர்கள் என்று நாலு பக்கம் பரீட்சை எழுத வேண்டும். எங்கேயோ ஒரு நாட்டில் கார் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டு, அங்கே பெரிய கலாட்டா ஆனதாகச் செய்தி படித்தேன். ஆவடியில் வண்டியை வெயிலில் பத்து நிமிடம் நிறுத்தினால் அந்தச் சேவை இலவசம். எங்கள் நிறுவனத்தின் நிபந்தனைகள் அறுபத்திரண்டு பக்கம். அவற்றை முழுதாகப் படித்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை, எழுதிய வக்கீல் உட்பட. நுகர்வோர் தினத்தன்று எல்லோருக்கும் வாழ்த்து அனுப்புவோம். அந்த வாழ்த்தை நிறுத்தச் சொல்லித்தான் அந்த மாதத்தில் அதிகப் புகார் வரும்.

இதெல்லாம் சலிப்பில் சொல்வது. வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். காலையில் குளித்து விபூதி இட்டுக்கொள்ளாமல் கணினியைத் திறந்ததில்லை. ஒரு கனிவான சொல் ஒரு மனிதரின் பாரத்தில் பாதியை இறக்கிவிடும் என்று நம்புகிறவன் நான். இப்போதும் நம்புகிறேன்.

புகார் எப்போது முடிந்ததாகக் கணக்கு என்று கேட்டீர்கள். வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால், மென்பொருள் அதை 'மனநிறைவுடன் முடிந்தது' என்று தானாகவே மூடிவிடும். கருவி சரியாயிற்றா என்று அது பார்க்காது. இதில் ஒரு சிக்கல் வந்தது. மென்பொருளுக்கு ஆங்கில நன்றி மட்டும்தான் தெரியும். தமிழ்நாட்டுப் புகார்கள் மூடவே இல்லை. எங்கள் மேலாளர் வித்யா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"உத்தமன், நம்ம ஊர்க்காரங்க நன்றியே சொல்ல மாட்டாங்களா? கர்நாடகால தொண்ணூறு பர்சென்ட் க்ளோஸ் ஆகுது. நமக்கு முப்பது."

சொல்வார்கள் மேடம், ஆனால் அந்த வார்த்தையில் சொல்ல மாட்டார்கள் என்றேன். நன்றி என்பது மேடையில் சொல்வது. வீட்டு மனிதர்கள் வாழ்த்துவார்கள். அப்படியானால் ஒரு பட்டியல் கொடுங்கள் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நல்லா இருப்பா. புண்ணியமாப் போவும். மகராசனா இரு. உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும். கர்த்தர் ஆசீர்வதிப்பார். அல்லா நல்லது செய்வான். மொத்தம் நாற்பத்து மூன்று. கடைசியாக எழுதியது 'சரி, விடுப்பா.' அது நன்றி ஆகுமா என்று மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாராவது எங்களை வாழ்த்தினால் புகார் மூடிக்கொள்ளும். என்னைத்தான் அதிகம் பேர் வாழ்த்தினார்கள். காரணம் எளிது. எடுத்ததும் நான் புகாரைக் கேட்க மாட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். பக்கத்து இருக்கை தேவாவுக்கு இது தினசரி வேடிக்கை.

"இன்னா மாமே, இன்னிக்கு எத்தினி பேரு உன்ன ஆசீர்வாதம் பண்ணாங்கோ? பேசாம ஒரு மடத்த கட்டிக்கினு குந்திடு. நான் வாசல்ல செருப்பு பாத்துக்கறேன்."

அந்த வருடம் 'கனிவான ஊழியர்' கோப்பை எனக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக்தான். நிவேதிதா அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.

பார்வதம் அம்மா ஜூன் மாதம் வந்தார். வந்தார் என்றால் அவருடைய குரல் வந்தது. நாங்கள் எழுதுவதைப் படித்துக்கொள்வார்; எழுத வராததால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். கோவில்பதாகையில் வீடு. கணவர் குணசேகரன், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையில் இருந்தார். நாள் முழுக்க எங்கள் ஆக்சிஜன் கருவியில்தான் மூச்சு.

ஜூனில் ஒரு அப்டேட் போனது. அதிலிருந்து அந்தக் கருவி நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை புதிய நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று திரையில் கேட்க ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் நின்றுவிடும். ஒருமுறை அழுத்தினால் நினைவில் வைத்திருக்க வேண்டும். அது வைக்கவில்லை. முதல் மெசேஜ் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தம்பி, இந்த மெஷினு நாப்பது நிமிசத்துக்கு ஒருவாட்டி ஒத்துக்கிறியா ஒத்துக்கிறியான்னு கேட்டுக்கினே கீது. நானும் ஒத்துக்கறேன் ஒத்துக்கறேன்னு அமுக்கிக்கினே கீறேன். கண்ணாலம் கட்டும்போதுகூட என்னிய யாரும் இத்தினிவாட்டி கேக்கலப்பா."

நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மித்ரான்னு போட்டுகீது, ஆனா நீ மெஷினு இல்ல. மெஷினுக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாது. நல்லா இருப்பா." பத்து நிமிடத்தில் புகார் மூடிக்கொண்டது.

இதற்குத் தீர்வு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. 'மேலே அனுப்பு' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் தொழில்நுட்பப் பிரிவின் அபிஷேக் ஆள் அனுப்பிப் பழைய மென்பொருளைப் போட்டுக் கொடுப்பார். ஒரு மணி நேர வேலை. ஆனால் மேலே அனுப்பிய புகார் நான் முடித்ததாகாது. என் மாதச் சராசரி இறங்கும். அபிஷேக்குக்கும் ஏற்கெனவே வேலை அதிகம். அவரையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஐந்து வாரத்தில் பார்வதம் அம்மா பத்து முறை புகார் செய்தார். பத்து முறையும் நான்தான் பேசினேன். வேறு ஆள் பதில் எழுதினால், அந்தத் தம்பி எங்கே என்று கேட்பார். பத்து முறையும் வாழ்த்தினார். பத்து முறையும் மூடிக்கொண்டது. இடையில் அவர் வீட்டில் சமையல் நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற சமையலாக மாறிவிட்டது. குளிக்கப் போகும்போது பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுப் போவார். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அதனால் சொன்னார்.

அவரும் என்னைக் கேட்டார். அப்போது நிவேதிதாவுக்கு உடம்பு சரியில்லை. வாரம் தவறாமல் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் குழந்தை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அன்று பார்வதம் அம்மாவுக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். இன்னாப்பா ஒரு மாதிரி கீறே என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

"அவ்ளோதானே? மாங்காட்டம்மாளுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வெச்சிட்டா சரியாப் பூடும். நீ வேலைக்கிப் போற ஆளு, உனக்கு எங்க ஒழியும்? நான் வேண்டிக்கினு போறேன். கொழந்த பேரு இன்னா சொன்னே?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் மாங்காட்டுக் கோயிலுக்குப் போனார். வேம்புலியம்மாளைக் காவல் வைத்துவிட்டு, பூந்தமல்லியில் பஸ் மாறி, வரிசையில் நின்று, திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும். முதல் வாரம் போய் வந்தபின் காய்ச்சல் குறைந்தது. இரண்டாம் வாரம் வரவில்லை. மூன்று, நான்கு. நிவேதிதா மறுபடி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்ட ஆரம்பித்தாள். பெற்றவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன காட்சி என்று.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதினோராவது மெசேஜ் வந்தது. அதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

"தம்பி, வேம்புலி அவ மவ ஊட்டுக்குப் பூட்டா. காவலுக்கு ஆள் இல்ல. அவரால எட்டி அமுக்க முடியாது, கை நடுங்குது. மெஷினு இன்னிக்கு ஒரு மூணு மணி நேரம் நிக்காம ஓடுமா? நீ ஓடும்னு சொன்னா கெளம்பறேன். இல்லன்னா இந்த வாரம் போவல."

ஓடாது என்பதுதான் சரியான பதில். எனக்கு அது தெரியும். பத்துப் புகாரையும் மூடியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? சராசரி குறையும் என்று பயந்தேனா என்று அன்று நீங்கள் கேட்டபோது, ஆமாம் என்று தலையாட்டினேன். அது சரியல்ல. அன்று நான் சராசரியை நினைக்கவே இல்லை.

ஒரு வாரம் விட்டுப்போனால் எண்ணிக்கை அறுந்துவிடும். மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வாரமாகக் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

'ஓடும் அம்மா. இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்' என்று எழுதினேன். இங்கிருந்து பார்க்க எங்களிடம் எந்த வழியும் இல்லை. 'மேலே அனுப்பு' பட்டன் திரையில் வலது பக்கம் இருந்தது. அன்று அபிஷேக் இருக்கையில்தான் இருந்தார்; டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்பா" என்று பதில் வந்தது. பட்டியலில் நான்காவது. ஒன்பது நாற்பத்தேழுக்குப் புகார் மனநிறைவுடன் முடிந்தது.

அவர் திரும்பியபோது ஒரு மணி. கருவி பத்தேகாலுக்கே நின்றுவிட்டது என்று உங்கள் அறிக்கையில் படித்தேன். திரையில் கேள்வி அப்படியே இருந்ததாம். குணசேகரன் ஐயா போய்விட்ட செய்தி மறுநாள் அலுவலகத்துக்கு வந்தது.

பன்னிரண்டாவது மெசேஜ் பதினேழு நாள் கழித்து வந்தது. கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். குரல் தேய்ந்திருந்தது. "உன் மேல எனக்கு வருத்தம் இல்லப்பா. மெஷினு ஏமாத்திடுச்சி, நீ இன்னா பண்ணுவே. கொழந்த நல்லாகீதா? ஆறாவது வாரம் என்னால போவ முடியல, தீட்டு. மனசுல வெச்சிக்காத. நல்லா இரு." அதுவும் மூடிக்கொண்டது. வாடிக்கையாளர் பன்னிரண்டு முறை மனநிறைவு தெரிவித்திருக்கிறார் என்று நிறுவனம் உங்களிடம் கொடுத்திருக்கும் தாளில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை.

அவரை நேரில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. என்னைப் பார்த்தால் அவருக்கு அழுகை வரும். துக்கத்தில் இருக்கிறவரை அழவைப்பது நல்லதல்ல. அன்று நான் எழுதியது பொய் என்பதையும் அவரிடம் சொல்லவில்லை. மனிதர்கள் மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

ஆனால் நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை, ஐயா. இதை இதுவரை யாரிடமும், என் மனைவியிடம்கூட, சொன்னதில்லை. குணசேகரன் ஐயா போன அடுத்த வெள்ளிக்கிழமை, பதினாறு நாள் தீட்டில் பார்வதம் அம்மாவால் கோயில் வாசல் மிதிக்க முடியாது என்று நானே கணக்குப் போட்டு, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போனேன். இரண்டு எலுமிச்சம்பழம், பால், தேன், கல்கண்டு. நல்ல கூட்டம். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, நிவேதிதா பெயரைச் சொல்லி, ஆறாவது வாரத்தை முடித்தேன். இன்றுவரை குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

அந்த அம்மா பாதியில் விட்டது அந்த ஒரு வாரம்தான். அதை அவருக்காக நான் முடித்துக் கொடுத்துவிட்டேன். இனி அவருக்கு நான் தர வேண்டியது ஒன்றும் இல்லை.