கிளம்பிட்டேன் என்ற ஒரு சொல்

அவைக்குத் தலைமை தாங்கி, அதைவிடக் கடினமாக ஒன்றரை மணி நேரமாகப் பொறுமையையும் தாங்கி அமர்ந்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஒரு கண்ணைப் பிள்ளைகள் மீதும் ஒரு கண்ணை மேடை மீதும் வைத்திருக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று வாசலை ஒட்டியே நிற்கும் இளைஞர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் குழாய்க்காரனின் பணிவான வணக்கம்.

ஆம், குழாய்க்காரன்தான். நோட்டீஸை எடுத்துப் பார்க்காதீர்கள். அதில் இருப்பது என் பெயரல்ல. "நல்வாழ்வுக்கு நல்லறங்கள்" என்று முழங்க ஒரு பேரறிஞரை அழைத்திருந்தோம். அவர் ஐந்து மணிக்குத் தலைவருக்குப் போன் செய்தார். என்ன சொன்னார்? "கிளம்பிட்டேன்" என்று சொன்னார். இப்போது மணி ஆறரை. பின்பக்கம் கைகழுவும் தொட்டியில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த என் தோளைத் தலைவர் தொட்டார். "நீதான் வேலை செய்யும்போது வாய் ஓயாம பேசுவியே, ஒரு கால் மணி நேரம் சமாளிப்பா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அடைப்பு எடுப்பவனுக்கு அறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஐயா, உங்கள் வீட்டு வரவேற்பறையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தவன் நான் ஒருவன். வெளியே பளபளப்பு, உள்ளே எத்தனை நாள் அழுக்கு என்பதை அறிந்தவன் நான். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் ஓர் அறம்தானே?

தலைப்பில் "அறங்கள்" என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். பத்து அறம் பேச அறிஞர் வருவார். பாமரன் நான் ஒன்றே ஒன்றைப் பேசுகிறேன். கொலை செய்யாதே என்று உங்களிடம் சொல்ல வேண்டுமா? நீங்கள் செய்யப்போவதில்லை. களவு செய்யாதே என்று சொல்ல வேண்டுமா? உங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நான் சொல்ல வந்தது சின்னஞ்சிறு செய்தி. கிளம்பாதபோது "கிளம்பிட்டேன்" என்று சொல்லாதீர்கள்!

சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? குற்றவாளிகள் கூடியிருக்கும் கூட்டமல்லவா இது!

தலைமையாசிரியர் முன்னால் இலக்கணம் பேசப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். "கிளம்பிட்டேன்" என்பது என்ன காலம்? இறந்தகாலம். புத்தகத்தில் இறந்தகாலம், நம் வாயில் மட்டும் எதிர்காலம்! குளிக்கப் போகிறவன் என்ன சொல்கிறான்? "கிளம்பிட்டேன்." சட்டைக்குப் பொத்தான் தேடுகிறவன் என்ன சொல்கிறான்? "கிளம்பிட்டேன்." கட்டிலில் இருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்தவன் என்ன சொல்கிறான்? "கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்" என்று இரண்டு முறை சொல்கிறான். உண்மையிலேயே வீட்டைப் பூட்டிக் கிளம்பியவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "பக்கத்துல வந்துட்டேன்!"

யாரது, "என் வீட்டுக் குழாய் என்னாச்சு" என்று கேட்பது? மூன்றாம் மாடி அம்மாவா? அம்மா, நான் இப்போது மேடையில் இருக்கிறேன். மேடையில் இருப்பவனைக் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் கேட்டது நியாயம். இந்த மண்டபத்தில் இந்தச் சொல்லை அதிகம் சொன்னவன் யார் என்று ஒரு போட்டி வைத்தால் பேரறிஞருக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு எனக்கு.

ஏன் சொல்கிறோம்? கெட்டவர்களா நாம்? இல்லை. நமக்கு ஒரு சொல் வாயில் வருவதில்லை. "முடியாது" என்ற சொல். முடியாது என்றால் முகம் வாடிவிடுமே, மனம் கோணிவிடுமே என்று அஞ்சுகிறோம். அந்த ஒரு நிமிடம் எதிரில் இருப்பவர் மகிழ்ந்தால் போதும் என்று ஒரு சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அன்பினால் சொன்ன பொய்தானே, அது யாரை என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்பர்களே, எனக்கு ஓர் அக்கா. எனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்யவைத்து, நான் தடுமாறியபோது கூட்டத்தில் இருந்து வாயசைத்து அடியெடுத்துக் கொடுத்தவள். இன்று நான் இப்படி முழங்குவது அவள் கைங்கரியம். குறை இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். அதோ, கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்தார்கள். துணைக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். அத்தான் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். அக்கா விடியற்காலையிலேயே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எட்டரைக்குப் போன் செய்தாள். அப்போது நான் எங்கே இருந்தேன்? ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். என்ன சொன்னேன்?

சொல்லுங்கள், நீங்களே சொல்லுங்கள்! ஆம். "கிளம்பிட்டேன் அக்கா!"

அவள் நர்ஸிடம் திரும்பி, "என் தம்பி கிளம்பிட்டானாம்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். கண்ணுக்கு மருந்து விட்டார்கள். பத்து மணிக்கு மறுபடி போன். "பக்கத்துல வந்துட்டேன்." அப்போதும் நான் அதே தொட்டிக்கு அடியில்தான், குழாய்க்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. டாக்டர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டுப் போயிருந்தார். நீண்ட நடைவழியில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் என் அக்கா மடியில் பையை அணைத்தபடி, முகத்தை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். நான் நேரே அவள் முன்னால் போய் நின்றேன். அவள் அண்ணாந்து பார்த்து, "தம்பியா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் சொன்னார்: "காலைலேர்ந்து உள்ள வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தாம்ப்பா கேட்டுட்டு இருக்காங்க."

எத்தனை பேர் வந்திருப்பார்கள்? எத்தனை முறை கேட்டிருப்பாள்? எத்தனை பேர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்? என் ஒரு சொல்லை நம்பி அவள் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டாள், ஐயா! நான் குழாயில் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் திட்டவில்லை. "டிராஃபிக்கா தம்பி?" என்று கேட்டாள். பொய்யையும் அவளே எடுத்துக் கொடுத்தாள், அன்று பேச்சுப்போட்டியில் அடியெடுத்துக் கொடுத்த மாதிரி! நான் என்ன செய்தேன்? "ஆமாக்கா, பயங்கர டிராஃபிக்" என்றேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இந்த மேடையில் சொல்கிறேன். அக்கா, அன்று டிராஃபிக் இல்லை. நான் கிளம்பவே இல்லை. என்னை மன்னித்துவிடு.

என்ன அக்கா? எழுந்து நிற்கிறாயா? கொஞ்சம் அமைதி, கொஞ்சம் அமைதி. கேட்கவில்லை, உரக்கச் சொல்.

கேட்டீர்களா சபையோரே? பின்னால் இருப்பவர்களுக்காக நானே திருப்பிச் சொல்கிறேன். "அன்னிக்கே தெரியும்டா. உன்மேல பைப் பசை வாசனை குப்புன்னு அடிச்சுது. கண்ணுதான் மங்கலு, மூக்கு நல்லாத்தான் இருக்கு."

இந்த மூன்று மாதமும் தெரிந்தே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்!

நாளைக் காலை அவளுக்கு மறுபடி நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் என்னிடம், "உனக்கு வேலை இருக்கும். நான் பக்கத்து வீட்டு அம்மாவோட போய்க்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னாள். கூடப் பிறந்தவள் நம்மிடம் மரியாதை காட்டத் தொடங்கினால் நாம் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் அவர்களே, இங்கேதான் உங்களிடம் வருகிறேன். சற்று முன் தோளைத் தொட்டபோது, "நாளைக் காலை என் வீட்டு மொட்டைமாடித் தொட்டியையும் பார்த்துடு" என்றீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு "காலைல முதல் வேலையே அதான் சார்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அதுவும் மைக்கில் சொல்கிறேன். முடியாது! நாளை முடியாது சார். நாளை மறுநாள் பத்து மணிக்கு வருகிறேன்.

கை தட்டுகிறீர்கள். தலைவரும் தட்டுகிறார். அவர் முகம் வாடவில்லையே! இந்தச் சொல்லுக்கா இத்தனை ஆண்டுகள் பயந்து செத்தேன்?

அன்பர்களே, தவம் செய்ய மலைக்குப் போக வேண்டாம். நம் சொல் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் நம் காலும் நிற்கட்டும். வீட்டில் இருந்தால் வீட்டில் இருக்கிறேன் என்போம். முடியாவிட்டால் முடியாது என்போம். தாமதமானால் தாமதம் என்போம். நம் வாயைப் பார்த்துக்கொண்டு எங்கோ ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்!

அக்கா, நாளைக் காலை ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா?

இருங்கள், ஏன் எல்லோரும் வாசலைப் பார்க்கிறீர்கள்? ஆகா! வாருங்கள், வாருங்கள் பேரறிஞர் அவர்களே! மூச்சு வாங்குகிறதே. வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். டிராஃபிக்கா ஐயா?

பாவம், இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. என் அக்காவே சிரித்துவிட்டாள். சிரித்தது போதும், பதில் சொல் அக்கா.

சரி, சரி. இதையும் நானே சொல்லிவிடுகிறேன். "வா. ஆனா இந்தத் தடவை நீ வந்து பக்கத்துல உக்காந்தப்புறம்தான் கண்ணாடியைக் கழட்டுவேன்."

அது போதும் எனக்கு. ஒழுகும் குழாய்களோடு காத்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும், மைக் தந்த தலைவருக்கும், தாமதமாக வந்து எனக்கு இடம் தந்த பேரறிஞருக்கும் நன்றி. நாளை ஏழு மணிக்கு அக்கா வாசலில் நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டியவன் நான். அதனால் இப்போது நிஜமாகவே கிளம்புகிறேன். வணக்கம்!