ஏட்டில் இல்லாத எழுத்து

— அப்போ என் புள்ள ரத்தத்த பதினாலு மாசம் வெச்சிருந்து நீங்க கண்டுபுடிச்சது 'தெரியலை'ன்றதத்தான்?

— தெரியலைன்னு இல்லீங்க சொர்ணக்கா. 'பொருள் தெளிவில்லாத மாற்றம்'னு ரிப்போர்ட் வந்திருக்குங்க.

— அத்தையேதான் நான் ஒரே வார்த்தையில சொன்னேன். பின்னாடி ஒரு 'ங்க' போட்டா மரியாதையா ஆயிடுமா? கோயம்புத்தூர்லேர்ந்து வந்த பொண்ணு நீ, எங்க சேக்காட்டு சந்துல ஊட்ட கரீட்டா கண்டுபுடிச்சுட்ட. என் புள்ளைக்கு இன்னா நோவுன்னு மட்டும் கண்டுபுடிக்க முடியல.

— நாலு தடவை போன் பண்ணினேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அதான் நானே வந்துட்டேனுங்க. ஜீவா எங்கீங்க?

— உள்ள டிவி பாத்துகினு கீறான். போன மாசம் வரைக்கும் ரிமோட்ட அவனே அமுக்குவான். இப்ப நாந்தான் மாத்தி உடணும். மெதுவாப் பேசு நிவேதிதா. ஒம்போது வயசு, கையும் காலும் போச்சே தவிர காது மட்டும் நல்லாக் கேக்குது.

— சரிங்க. உடம்பை ஒரு பெரிய புத்தகம்னு வெச்சுக்கங்க. ஜீவா புத்தகத்துல ஒரு எழுத்து மாறியிருக்கு. அதாலதான் இப்படித் தளர்ந்து போறானா, இல்லை அது சும்மா ஒரு மச்சம் மாதிரியான்னு தெரியணும். உலகத்துல மத்தவங்களோட எழுத்தெல்லாம் சேர்த்து வெச்ச ஒரு ஏடு இருக்குங்க. அதோட ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

— ஒப்பிட்டீங்களா?

— ஒப்பிட்டோம். அதுல இந்த எழுத்து இல்லீங்க. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்கதான் இருக்காங்க. நம்ம ஜனங்க ரொம்பக் கொஞ்சம்.

— இன்னாமா சொல்ற? ரேசன் கார்டுல கீறோம், ஆதார்ல கீறோம். எங்க மாமியா செத்து ஆறு வருசம் ஆச்சு, ஓட்டர் லிஸ்ட்டுல இன்னும் ரெண்டு எடத்துல உசுரோட கீது. இந்த ஒரு ஏட்டுல மட்டும் எங்களுக்கு எடமில்லியா?

— சேர்க்கத்தான் அந்த ரத்தம் எடுக்கிற முகாம் நடத்தினோமுங்க.

— முகாமா அது? ஒருத்தர் வந்தாரு, 'இக்குழந்தைகள் அரிய முத்துக்கள்'னாரு. ஒன்றரை மணி நேரம் முத்து முத்துன்னாரு. ஒரு முத்தையாவது தூக்கி நாற்காலியில குந்த வெச்சாரா? ரத்தம் எடுக்கச்சொல்ல போட்டோ ஆடிப்போச்சுன்னு ஜீவா கைய திரும்ப நீட்டச் சொன்னாங்க. சால்வை யாருக்குப் போட்டாங்க தெரியுமா? ரத்தம் குடுத்தவனுக்கு இல்ல, வெளக்கேத்துனவருக்கு.

— நானும் மேடையில தட்டு பிடிச்சுட்டு நின்னேனுங்க.

— தெரியும். ஒன் மூஞ்சி ஒண்ணுதான் தொங்கிப் போயிருந்துச்சு. அத்தொட்டுதான் உன்ன உள்ள உட்டேன்.

— அக்கா, ரிப்போர்ட்டைக் குடுக்கிறதுக்காக மட்டும் நான் வரலைங்க. பெங்களூருல ஒரு புது மருந்து சோதனை ஆரம்பிக்கிறாங்க. நோயைக் குணமாக்காது, ஆனா மேல மேல போகாம நிறுத்தலாம்னு நம்புறாங்க. ஜீவாவுக்கு இருக்கிற பேச்சு போகாம இருக்கும். விழுங்குறதும் நின்னுபோகாது.

— சேத்து உடு. இப்பவே கெளம்புறேன்.

— நோய் பேரு உறுதியானாத்தான் சேர்ப்பாங்க. 'தெளிவில்லை'ன்னு இருந்தா சேர்க்க மாட்டாங்க. இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள பெரியவன் விஷாலோடது ஏதாவது கிடைச்சா...

— விஷாலா? அவன் போய் அஞ்சு வருசம் ஆச்சேம்மா.

— இதே நோய்தானுங்களே அவனுக்கும்? அவன் உடம்புலயும் இதே எழுத்து மாறியிருந்தா, டாக்டருங்க தைரியமா பேரு எழுதிருவாங்க. அவனோட ரத்தம் எங்கயாவது இருக்குங்களா?

— எடுத்த ரத்தம் ஒரு டிரம்மு நெறையத் தேறும். அல்லாத்தையும் கொட்டிட்டாங்க. கடைசியில 'காரணம் தெரியவில்லை'ன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. அது கீது, வேணுமா?

— பால் பல்லு?

— கூரை மேல வீசிட்டோம். ஊரே அப்டித்தான வீசும்?

— முதல் மொட்டை முடி?

— திருத்தணியில. நீ இன்னா, செத்தவன ஒவ்வொரு துண்டாக் கேக்குற?

— மன்னிச்சுக்கங்க.

— பரவால்ல. அவனப் பத்தி யாரும் எங்கிட்ட கேக்கிறதே இல்ல. நடக்க முடியாமப் போன அப்பாலயும் அவங்கப்பா தோள்ல குந்திகினு அண்ணனூர் ஷெட்டுக்குப் போவான். மனுசன் ரயில் பெட்டி கழுவச்சொல்ல, இவன் மேலேர்ந்து 'இங்க அயுக்கு கீது, அங்க அயுக்கு கீது'ன்னு அதிகாரம் பண்ணுவான். கடைசி ஒரு வருசம் பேச்சே இல்ல. அவன் 'எம்மோவ்'னு கூப்புட்ட குரலு எனக்கு மறந்து போச்சு பாப்பா. மூஞ்சி போட்டோவுல கீது. குரலு எங்க கீது, சொல்லு?

— அக்கா... கழுத்துல என்னத்தையோ இறுக்கிப் பிடிச்சிருக்கீங்களே, அது என்னங்க?

— இதுவா? தாயத்து. விஷாலுது.

— தொப்புள்கொடி வெச்சதுங்களா? காஞ்சு விழுந்ததும் வெள்ளிக் குப்பியில வெச்சு இடுப்புல கட்டுவாங்களே, அதுங்களா?

— அதான். அவன் இடுப்புலேர்ந்து கயட்டி என் கயுத்துல போட்டுகினேன்.

— அக்கா! இது போதுமுங்க! நகக்கண் அளவு கொடி இருந்தாக்கூட லேப்ல எழுத்தைப் படிச்சிருவாங்க!

— தர மாட்டேன்.

— முழுசும் வேண்டாம். துளியூண்டு.

— மூடி தொறக்காது. துரு புடிச்சுப் போச்சு.

— வெள்ளி துருப்பிடிக்காதுங்களே.

— பெரிய விஞ்ஞானி! துணுக்கு எடுத்து இன்னா பண்ணுவீங்க? அரைப்பீங்களா?

— ஆமாங்க. அரைச்சுத்தான் பாக்கணும்.

— அரைச்சா போச்சு. உடு.

— ஜீவாவுக்காகன்னு நினைச்சுக்கங்க. பெரியவன் தம்பிக்குச் செய்யுற உதவின்னு நினைச்சுக்கங்க.

— அத்த சொல்லாத.

— ஏனுங்க? உங்க வீட்டுக்காரர் செல்வகுமார் அண்ணன் வேண்டாம்பாரா? நான் பேசட்டுங்களா?

— அதுகிட்ட மட்டும் பேசிடாத! டெய்லி வேலைக்குப் போச்சொல்ல, இத்த தொட்டுக் கண்ணுல ஒத்திகினுதான் படி எறங்குது. அஞ்சு வருசமா ஒரு நாளு தவறல.

— அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க. எங்க ஆஸ்பத்திரி பேச்செல்லாம் விடுங்க. நாளைக்கு ஜீவா விழுங்க முடியாமத் தவிக்கும்போது, 'கையில ஒரு வழி இருந்துச்சே'ன்னு உங்களுக்கு வலிக்கக் கூடாதுங்க. அதுக்காகத்தான் கேக்கிறேன்.

— ...இந்தா. புடி. நீயே தொற.

— சுலபமா வந்திருச்சுங்க. இருங்க, வெளிச்சத்துல... அக்கா. இது காலியா இருக்குதுங்களே?

— ம்.

— எங்கயாவது விழுந்திருச்சுங்களா? எப்ப?

— உயுவல. நாலு வருசத்துக்கு முந்தி, ஸ்கூல் வாசல்ல சின்னவன் மொத மொத உயுந்தான். கால் தடுக்கல, கல்லு இல்ல, சும்மாவே உயுந்தான். அண்ணனும் அப்டித்தான் ஆரம்பிச்சான். புள்ளைக்குக் கஸ்டம் வந்தா கொடிய இழைச்சுக் குடுக்கணும்னு எங்கம்மா சொல்லும். ஜீவா கொடி அவன் பொறந்த ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு. இருந்தது பெரியவனுதுதான். ஊட்ல யாருமில்லாதப்ப தேன்ல இழைச்சேன். ஒரு துளி மிச்சம் வெக்கல, வழிச்சு நாக்குல தடவுனேன். கசக்குதும்மான்னான். முழுங்குடா, அண்ணன் உள்ள போய் உன்னத் தாங்கிக்குவான்னேன்.

— ஐயோ, அக்கா...

— அயுவாத. ஊசி எடு, எது வேணுமோ எடு. சின்னவன் ரத்தத்தையே இன்னொரு தபா நல்லாப் பாரு பாப்பா. பெரியவன் அங்கதான் கீறான்.