பலகைச் சமையக்கட்டு

இல்லல்ல, நீங்க சொல்லவே வேண்டாம். செங்கல் நகராது. அது எனக்கும் தெரியும், இந்தக் கவுன்டி பூராவுக்கும் தெரியும். அதச் சொல்லத்தான் இவ்வளவு தயங்கித் தயங்கி வாசல்ல நின்னீங்களா? உக்காருங்க மிஸ்டர் கண்டர்சன். பூட்ஸக் கழட்ட வேணாம், பலகைத் தரைதான, தொடச்சுக்கலாம். காப்பி சூடா இருக்கு. ஆப்பிள் கேக்கு ஒரு துண்டு வைக்கிறேன். காஞ்ச ஆப்பிளப் போட்டுச் சுட்டதுதான், ஆனா வாய்ல வச்சா தெரியாது. உங்க ஆளுங்கள அந்தக் கொட்டாயிலேர்ந்து குதிரைங்களுக்கு வைக்கோல் எடுத்துக்கச் சொல்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு யாரு இருக்கா?

அந்தச் சத்தமா? அது எங்க வீட்டுக்காரரு, ஹைரம். முன்னாடி கடையில தகரம் அடிக்கிறாரு. பால் வாளி, அடுப்புக் குழாய், இப்படி ஏதாவது. யாரு வாங்குவாங்கன்னுதான கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. ஊருல இருக்கறது நாங்க ரெண்டு பேரு, ஒரு பசு. பசுவுக்கு ஒரு வாளி இருந்தா போதும். கண்டுக்காதீங்க. கொஞ்ச நேரத்துல காதுக்குப் பழகிடும்.

இன்னைக்கு அந்தக் கருமான் பட்டறையயும் அடியோடத் தூக்கி, மத்த வீடுங்க மாதிரி மேட்டுல இருக்கற புது ஊருக்கு இழுத்துட்டுப் போனீங்கன்னா இந்த பெல்டன்ல உங்க வேலை முடிஞ்சுது, இல்லையா? வெளிய கூரையிலேர்ந்து சொட்டுறது கேக்குதா? காலையில இருந்து சொட்டுது. பனி உருகிட்டா அப்பறம் சேறுதான். சேத்துல வீட்ட ஏத்தி இழுக்குற உங்க சறுக்குக் கட்டை ஓடாது, நீங்களும் வேற கவுன்டிக்குப் போயிடுவீங்க. அதான் கையக் காட்டிக் கூப்பிட்டேன். நான் இங்கேர்ந்து போகணும். இன்னைக்கே போகணும். எப்படிங்கறத அப்பறம் சொல்றேன், மொதல்ல சாப்பிடுங்க. பசியோட இருக்கற ஆம்பளைக்கு நல்ல விஷயத்தச் சொன்னாலும் காதுல ஏறாது.

எல்லாத்தையும் நீங்கதான் இழுத்தீங்க, உங்களுக்கு நான் என்ன புதுசாச் சொல்லப் போறேன். ஆனா நீங்க குதிரைப் பக்கத்துலேர்ந்து பாத்தீங்க. நான் நின்ன எடத்துலேர்ந்து பாக்கலையே.

மொதல்ல ஓட்டல் போச்சு. வீடு நகர நகர ஓட்டல்காரர் பெக்கம் உள்ள உக்காந்திருந்தவங்களுக்குக் காப்பி ஊத்துனாரு. ஒரு சொட்டு சிந்தலைன்னு இன்னும் பீத்திக்கிறாராமே? அந்த ஆளு தரை நகராதப்பவே சிந்துவாரு, எனக்குத் தெரியாதா. அப்பறம் மருந்துக்கடை. பள்ளிக்கூடம். சர்ச் போன அன்னைக்குத்தான் எனக்குத் தாங்கல. மணியோட நாக்கக் கட்டி வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. சோளக்காடு பூரா அது தானா அடிச்சுக்கிட்டே போச்சு. இருட்டுற வரைக்கும் கேட்டுது. தோட்டத்துல காயப்போட்ட துணிய எடுக்கப் போனவ, துணியக் கையில வச்சுக்கிட்டு அங்கயே நின்னு அழுதேன். துணி கையிலயே வெறச்சுப் போச்சு.

பக்கத்து வீட்டு பிக்ஃபர்டு, அதான் சேணம் தைக்கிறவரு, அவரு வீடு போனது ஞாபகம் இருக்கா? வாசப்படியில காலத் தொங்கப்போட்டு உக்காந்துக்கிட்டு வந்தாரே. எங்க கடைக்கு நேரா வந்ததும் தொப்பியக் கழட்டி, ஹைரம், ஊரப் பத்திரமாப் பாத்துக்கப்பா, நாங்க வர்ற வரைக்கும் யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்கன்னாரு. உங்க ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. நீங்களுந்தான் சிரிச்சீங்க, நான் பாத்தேன். பரவால்ல விடுங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மட்டும் சிரிக்கல.

அவரு மேலயும் தப்பு இருக்கு. கடை கட்டி முடிச்ச அன்னைக்கு அந்தப் பேச்சப் பேசாம இருந்திருக்கலாம். கோர்ட்டு இங்கதான் வரும், ரயிலு ஆத்தோரமாத்தான் வரும்னு ஊரே நம்பிக்கிட்டிருந்த நேரம். இவரு தெருவுல நின்னு, இதே பிக்ஃபர்டு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு: பலகையில கட்டுறவன் போகப் போறவன், செங்கல்லுல கட்டுறவன் இருக்கப் போறவன். அவ்வளவு பெருமை. வாசலுக்கு மேல பேரு வெட்டுன கல்லு வேற. ரயில்காரங்க என்னடான்னா மேட்டு வழியாப் போயிட்டாங்க. எவரோ ஒரு ரயில்வே அதிகாரியோட மக பேரு அடெலாவாம், அத அங்க மொளச்ச புது ஊருக்கு வச்சாங்க. அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்ததுகூடக் கிடையாது. அவ பேருல ஊரு ஜேஜேன்னு இருக்கு. நாங்க இங்க கெடக்கோம்.

இன்னும் கொஞ்சம் காப்பி? ஊத்துறேன், குடிங்க.

நீங்க இழுத்துட்டுப் போயிடுறீங்க. அப்பறம் கீழ என்ன மிஞ்சுதுன்னு பாத்திருக்கீங்களா? குழி. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில இருந்த நிலவறை, வாயத் தொறந்துக்கிட்டு. எங்க பசு போயி மருந்துக்கடைக் குழியில விழுந்துச்சு. ரெண்டு பேருமா கயிறு போட்டு ஏத்துறதுக்குள்ள உசிரு போயி உசிரு வந்துச்சு. நான் மட்டும் என்ன ஒழுங்கா? பிக்ஃபர்டு பொண்டாட்டி சாப்ராவும் நானும் நாளைக்கு நாலு தடவ ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போயி வர்றவங்க. ஒரு நாள் சக்கரை தீந்துபோச்சு. கிண்ணத்த எடுத்துக்கிட்டு பழக்கதோஷத்துல விறுவிறுன்னு கெளம்பிட்டேன். குழி ஓரத்துல போயிதான் நின்னேன். இன்னும் ஒரு அடி வச்சிருந்தா கழுத்து முறிஞ்சிருக்கும். கிண்ணத்தோட அங்கயே உக்காந்து, சாப்ரா, சாப்ரான்னு குழியப் பாத்துக் கூப்பிட்டேன். சிரிக்காதீங்க. நெஜமாக் கூப்பிட்டேன்.

அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு. இப்படியே இருந்தா எனக்குப் புத்தி பேதலிச்சுடும்னு.

அவருகிட்டப் பேசலாமேன்னா, அவரு எங்க பேசுறாரு? பிக்ஃபர்டு தொப்பி தூக்குன அன்னைக்கு மூடுன வாய். காலையில எந்திரிச்சுக் கடையத் தொறப்பாரு. வாசல்ல இருக்கற பலகை நடைபாதையக் கூட்டுவாரு. அந்த நடைபாதை ரெண்டு பக்கமும் குழியிலதான் போயி முடியுது, இருந்தாலும் கூட்டுவாரு. அப்பறம் உக்காந்து டங்கு டங்குன்னு அடிப்பாரு. பொழுது சாஞ்சா கடையச் சாத்துவாரு. மேட்டுல ரயில் ஊதுறப்ப மட்டும் சுத்தியல் ஒரு நொடி நிக்கும். அப்பறம் முன்னவிட வேகமா அடிப்பாரு.

கேட்டேங்க. ஒரே ஒரு தடவ கேட்டேன். வாங்க, இதெல்லாம் விட்டுட்டு அடெலாவுல ஒரு சின்னக் கொட்டாயி போட்டுக்கலாம், வாளி அங்கேயும் விக்கும்னேன். அவரு சுத்தியலக் கீழ வச்சுட்டு எந்திரிச்சாரு. வெளிய போயி வாசலுக்கு மேல இருக்கற அந்தக் கல்ல நிமிந்து பாத்துக்கிட்டு நின்னாரு. குளுருல தொப்பிகூட இல்லாம. எனக்கு அவரு மேல வந்த கோவமெல்லாம் போச்சு. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. அந்தக் கல்லு நகர்ற வரைக்கும் அவரு நகர மாட்டாரு. அந்தக் கல்லு நகராது.

உங்க வண்டியில ஏறி வந்துடலாமா? அதானே, யாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ஒரு மூட்டையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அடெலாவுல எறங்குனா நான் யாரு? புருஷன விட்டுட்டு வந்தவ. ஓட்டல்ல பெக்கம் பாத்திரம் கழுவச் சொல்லுவாரு, மாடிப்படிக்குக் கீழ ஒரு பாய் போடுவாரு. இங்க ஒரு பொறியில இருக்கறவ அங்க போயி இன்னொரு பொறியில விழணுமா? அது வேணாம். சாப்ரா சொல்லி அனுப்பியிருக்கா, அவ வீட்டுக்குப் பின்னாடி எடம் கெடக்குதாம், ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிடு தூரமாம். அங்க எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா ரயிலு நிக்குறப்ப கேக்கு சுட்டு விக்கலாம். என் வீட்டு வாசப்படியில நான் நின்னு விப்பேன். அப்ப எவனும் ஒண்ணும் பேச முடியாது.

எந்த வீடா?

நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்க, மிஸ்டர் கண்டர்சன்? அந்தச் சொவரத் தட்டிப் பாருங்க. இன்னும் நல்லாத் தட்டுங்க. என்ன அது, செங்கல்லா? பலகை. கடைக்கு முன்னாடியே கட்டுனது இது. எங்க அப்பா படகுல மரத்த ஏத்திக்கிட்டு வந்து, தன் கையால கட்டி, லொவீனா, இது உனக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. மொத வருஷம் நாங்க இதுலதான் குடியிருந்தோம். அப்பறந்தான் அவரு செங்கக் கடையக் கொண்டாந்து இதோட ஒட்டிக் கட்டுனாரு. கடைதான் இதுமேல வந்து ஒட்டுனது, இது போயி ஒட்டல. நீங்க எவ்வளவோ பெரிய பெரிய கட்டடத்தத் தூக்குனவரு. அஞ்சு பேரு நின்னா இடிச்சுக்குற இந்தச் சமையக்கட்டு உங்க ஜாக்கிக்கு ஒரு பாரமா? பட்டறைக்குப் பின்னாடி கோத்துவிட்டா வால் மாதிரி வந்துடும்.

ஏன் மொகம் மாறுது? கூலியா? இனிமே அடெலாப் பக்கம் எப்ப வந்தாலும் உங்க ஆளுங்க எல்லாருக்கும் என் அடுப்புலதான் சாப்பாடு. கூலி இல்லையா, அப்ப வேற என்ன?

ஓ. அறுக்குறதுக்கே ஒரு நாள் ஆகும்னு பாக்குறீங்க. உத்தரக் கட்டையெல்லாம் செங்கச் சொவத்துக்குள்ள சொருகியிருக்கும், ஒவ்வொண்ணா அறுக்கணும், அதுக்குள்ள பனி உருகிடும். தொழில் தெரிஞ்சவரு, சரியாத்தான் சொல்றீங்க. சரி, எந்திரிச்சு அந்த அலமாரியக் கொஞ்சம் தள்ளுங்க. பாத்து, மேல தட்டு இருக்கு. தள்ளிட்டீங்களா? அந்த இடுக்குல கைய வைங்க. காத்து வருதா?

அதான்.

மேலேர்ந்து கீழ வரைக்கும், ரெண்டு பக்கமும் நானே அறுத்தாச்சு. எங்க அப்பாவோட ரம்பம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஆரம்பிச்சேன். அடிக்கட்டைய மட்டும் தொடாம வச்சிருக்கேன், அதையும் அறுத்துட்டா காத்துக்கு ஆடுமோன்னு. அத உங்க ஆளு ஒரு பைப்பு புகையிலை பிடிக்கிற நேரத்துல முடிச்சுடுவான். இங்க பாருங்க என் உள்ளங்கைய. கருமான் கையி தோத்துடும்.

சத்தமா? அவரு சுத்தியல் அடிக்குறப்ப நான் ரம்பம் இழுப்பேன். அவரு நிறுத்துனா நானும் நிறுத்திட்டு அலமாரியத் தள்ளி வச்சு, பாத்திரத்தக் கழுவுவேன். குளுருக் காலம் பூரா அப்படித்தான் ஓடுச்சு. சொவத்துக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். ஒண்ணும் தெரியாத மனுஷன், பாவம்னு நெனச்சுக்கிட்டே அறுப்பேன்.

போன வாரம் ரம்பம் கடிச்சுக்கிட்டு ஓடல. எண்ணெ கொஞ்சம் தடவலாம்னு கடைக்குள்ள போனேன். எப்பவும் போறதில்ல. அவரு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து அடிச்சுக்கிட்டிருந்தாரு, நான் வந்தது தெரியாது. பாத்தா முன்னாடி தகரமே இல்ல. வெறும் பட்டறைக் கல்லு மேல அடிச்சுக்கிட்டிருக்காரு. தகரம் அடுக்கி வைக்கிற சட்டம் காலி. எப்பவோ தீந்துபோயிருக்கு. ஆமா, தகர வண்டிதான் பனிக்கு முன்னாடியே நின்னுபோச்சே, எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? மிஞ்சியிருந்த கடைசித் தகரத்துல அவரு வாளி செய்யலங்க. மூலையில ஒரு கதவு சாத்தி வச்சிருந்துச்சு. பலகைக் கதவு, மழை படாம மேல தகரம் அடிச்சு, கொண்டியெல்லாம் மாட்டி. கடைக்கும் இந்தச் சமையக்கட்டுக்கும் நடுவுல வாசல் இருக்கே, சரியா அந்த அளவு. சமையக்கட்டு போனப்பறம் அது வெட்டவெளிக்குத் தொறக்குற வாசல்தான?

வந்த காலோட திரும்பி வந்து அறுத்தேன். அன்னைக்குத்தான் ரொம்ப நேரம் அறுத்தேன். என் ரம்பம் நிக்கிற வரைக்கும் அவரும் நிறுத்தவே இல்ல.

அதனால நீங்க பயப்படாதீங்க, அவரு இங்க வர மாட்டாரு. வந்தா போன்னும் சொல்ல முடியாது, போகாதன்னும் சொல்ல முடியாது. ஊரு முன்னாடி அப்படி ஒரு பேச்சப் பேசிட்டாரே. மத்தியானச் சாப்பாட்ட அந்தப் பக்கம் பலகை மேல மூடி வச்சுட்டேன். என்னைக்காவது பசிச்சு அடெலாப் பக்கம் வந்தாருன்னா என் கதவு தொறந்துதான் இருக்கும். அது அவரு இஷ்டம்.

அடுப்ப அணைக்கல, நான் உள்ளயே உக்காந்து வர்றேன். நீங்க போயி ஜாக்கியக் கொண்டாங்க. கேக்கு மிச்சத்தக் கையில எடுத்துக்கங்க. சீக்கிரம் மிஸ்டர் கண்டர்சன், நீங்க வந்ததுலேர்ந்து அவரு விடாம அடிக்கிறாரு. அவருக்கு வலது தோள்ல வலி வேற இருக்கு, ரொம்ப நேரம் தாங்காது.